அப்பா குடிக்காதது

பெருமதிப்பிற்குரிய முன்னாள் கிளை மேலாளர் கமெயாமா ஐயா அவர்களின் சமுகத்துக்கு,

ஷின்யோ பீர் நிறுவனத்தின் யமகாதா கிளையில் தங்களுக்குக் கீழே குப்பை கொட்டிய நீஸெகி தமோத்சு தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. கிளை இப்போது இல்லை என்றாலும் தலை தாழ்த்தும் பழக்கம் இன்னும் போகவில்லை.

இங்கே மேப்பிள் இலைகள் சிவக்கத் தொடங்கிவிட்டன. இந்த வருடம் மலையில் கொட்டைகள் காய்க்காததால் கரடிகள் ஊருக்குள் இறங்கி, எங்கள் தெருவின் பெர்சிமன் மரங்களில் சொந்தக்காரர்கள் போல ஏறி உட்கார்ந்திருக்கின்றன. நகராட்சி ஒலிபெருக்கி காலையும் மாலையும் பழங்களைப் பறித்துவிடச் சொல்லி அலறுகிறது. எங்கள் தெருவில் மரம் ஏறும் வயதில் யாரும் இல்லை. ஆகவே கரடிகள் நலம். தங்கள் கல்லீரல் எப்படி இருக்கிறது? மருத்துவர் இன்னும் அதே கோபத்தில்தான் இருக்கிறாரா? வசந்தத்தில் தங்கள் துணைவியாரான அம்மையார் காலமானபோது டோக்கியோவுக்கு வந்து ஊதுவத்தி ஏற்ற முடியாமல் என் முதுகுவலி தடுத்துவிட்டதற்கு மறுபடியும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் தாங்கள் தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்வி. "நீஸெகி, ஆத்தங்கரைல வேற எடத்துப் பீரைக் குடிச்சியாமே, நெஜமா?" நான் வாயைத் திறப்பதற்குள், "வாயால சொல்லாத. எழுதிக் குடு" என்று வைத்துவிட்டீர்கள். பணியில் இருந்த காலத்திலும் எது தவறினாலும் விளக்கக் கடிதம்தான் கேட்பீர்கள். நம் பீர் லாரி பனியில் சறுக்கி ஒரு பல் மருத்துவர் வீட்டுக் குளியலறைக்குள் புகுந்தபோது எழுதினேன். கோடைத் திருவிழாவில் எதிரிக் கம்பெனியின் காகித விளக்குக்குக் கீழே நான் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தபோதும் எழுதினேன். ஓய்வுபெற்ற பிறகும் ஒன்று எழுதவேண்டி வரும் என்று நினைக்கவில்லை. தாங்கள் எனக்கு மேலாளர் மட்டுமல்ல. என் திருமணத்தில் நடுநின்று, தங்கநிறத் திரைக்கு முன்னால் எங்களோடு உட்கார்ந்து, "இவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது, அதனாலதான் விற்பனையும் கம்மி" என்று என் மாமனாருக்கு உறுதி சொன்னவர். ஆகையால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். ஓய்வுபெற்றோர் சங்கக் கூட்டத்தில் உரக்க வாசித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எனக்கு உப்பிட்டது ஷின்யோ பீர். பணியில் சேர்ந்த நாளிலிருந்து வேறு பீர் என் உதட்டில் பட்டதில்லை. எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே ஒரு சோபா நூடுல்ஸ் கடை இருந்தது. அதன் வாசலில் எதிரிக் கம்பெனியின் பெயர்ப்பலகை தொங்கியது. மழை பெய்தால் அதன் கூரைக்குக் கீழே ஒதுங்கக்கூட மாட்டேன், நனைந்தே போவேன். அந்தக் கடைக்காரர் இறந்தபோது அஞ்சலிக்குப் போய், அங்கே ஊற்றியதும் அந்தக் கம்பெனி பீராக இருந்ததால் தேநீர் குடித்துவிட்டு வந்தேன். அவர் சோபா நன்றாக இருக்கும் என்று ஊரே சொல்லும். எனக்குத் தெரியாது, இனி தெரியப்போவதும் இல்லை. வடக்கே ஹொக்கைதோவில் திறந்தாலும் தெற்கே ஒக்கினாவாவில் திறந்தாலும் ஒரே சுவை என்பதுதான் நம் பெருமை, அதைத்தான் நான் ஊர் ஊராக விற்றேன்.

இப்படிப்பட்டவன் வீட்டில்தான், வேலியில் போன ஓணான் மடியில் ஏறியது. என் ஒரே மகள் மிசாதோ கோஹெய் என்ற பையனைத் திருமணம் செய்துகொண்டது தங்களுக்குத் தெரியும். பையன் நல்லவன், உழைப்பாளி, பெரியவர்களுக்கு மரியாதை கொடுப்பவன். ஆனால் செந்தாய் நகரத்துக்காரன். மலைக்கு அந்தப் பக்கம் போனால் நாம் ஆற்றங்கரையில் கூடிக் காய்ச்சும் சேப்பங்கிழங்குக் குழம்பான இமோனியின் பானையில் மாட்டுக்கறியும் சோயா சாஸும் போடாமல் பன்றிக்கறியைப் போட்டு மிசோ என்ற சோயா விழுதைக் கரைத்துவிடுவார்கள், அதற்கும் இமோனி என்றே பெயர் சொல்வார்கள். நான் கல்யாணத்தைத் தடுக்கவில்லை. "அது பன்னிக்கறிக் கஞ்சி, இமோனி இல்ல" என்று மட்டும் சம்பந்தியிடம் சொன்னேன், அதுவும் நிச்சயதார்த்த விருந்தில் ஒரே ஒரு தடவை. கல்யாணமானதும் இருவரும், குழந்தைகள் இல்லாமல் மூடப்பட்ட மழலையர் பள்ளி ஒன்றை வாடகைக்கு எடுத்து அதில் பீர் காய்ச்ச ஆரம்பித்தார்கள். மிசாதோ படித்த பள்ளிதான் அது. சுவரில் முயல் படங்களும் முழங்கால் உயரத்துக் கைகழுவும் தொட்டிகளும் அப்படியே இருக்கின்றன. நாற்காலிகளும் அதே சின்ன நாற்காலிகள். வாடிக்கையாளர்கள் முகவாயில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து குடிக்கிறார்கள். நம் பீரின் விலைக்கு இரண்டு மடங்கு கொடுத்துக் குடிக்கிறார்கள்.

முதல் பீர் காய்ச்சி முடித்த அன்று அவள் ஒரு சின்னக் குவளையில் ஊற்றி என் முன்னால் வைத்தாள். நான் அதைத் தொடாமல் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அவள் குவளையை எடுத்துக்கொண்டு போய், அந்தக் குட்டைத் தொட்டிக்கு முன்னால் குந்தி, கொட்டிவிட்டுக் கழுவினாள். அன்றுமுதல் ஒவ்வொரு புதுப் பீருக்கும் இதே கதை. வைப்பாள், நான் திரும்புவேன், அவள் போய்க் குந்துவாள். குழாய்ச் சத்தம் மட்டும் கேட்கும். ஐயா, அந்தச் சத்தத்தை நான் எப்படித் தாங்கினேன் என்று யாரும் கேட்டதில்லை. என் மனைவி ஃபுசாயே மட்டும், "ஒங்க கம்பெனிக்காரன் எவனாச்சும் ஒங்களுக்குப் பென்ஷனுக்கு மேல ஒரு பாட்டில் குடுத்திருக்கானா?" என்று கேட்டாள்.

இதோடு போயிருந்தால் குடும்பத் துக்கமாகப் போயிருக்கும். ஒரு மதுக்கடைக்காரர் வந்து, "ஒங்கப்பா பீர் கம்பெனிக்காரராச்சே, அவரு என்ன சொன்னாரு?" என்று மிசாதோவைக் கேட்டிருக்கிறார். "அவரு குடிக்கல" என்றிருக்கிறாள். "அப்ப அதையே பேரா வெச்சிரு" என்று அவர் விளையாட்டாகச் சொல்ல, இவள் வைத்தேவிட்டாள். பீரின் பெயர் 'அப்பா குடிக்காதது'. லேபிளில் சின்ன நாற்காலியில் திரும்பி உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவனின் முதுகு, அது என் முதுகு. பாட்டிலின் முகம் விருந்தாளியைப் பார்க்கும்படி பிடித்து ஊற்ற வேண்டும் என்று தாங்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தீர்கள். இந்தப் பாட்டிலை எப்படிப் பிடித்தாலும் விருந்தாளிக்கு முதுகுதான் கிடைக்கிறது.

அது விற்றது. நம் பீர் விற்காத இடங்களிலெல்லாம் விற்றது. ரயில் நிலையக் கடையில், வெந்நீர் ஊற்று விடுதிகளில், தாங்கள் எத்தனையோ முறை நேரில் போய்த் தலை வணங்கியும் நம் பெட்டியை உள்ளே விடாத அந்த மாட்டிறைச்சி உணவகத்தில்கூட. சந்தையில் முன்பின் தெரியாத பெண்கள் என்னை நிறுத்தி, "தாத்தா, கொஞ்சம் திரும்பி நில்லுங்களேன்" என்று முதுகோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். முகத்தை யாரும் கேட்பதில்லை. முடி வெட்டப் போனால் நாவிதர், "பின்னாடி கை வெக்க மாட்டேங்க, லேபிள்ல இருக்கிற மாதிரியே இருக்கட்டும்" என்கிறார். நான் ஒரு காரியத்தைச் செய்யாமல் இருந்ததற்காக ஊரில் புகழ் அடைந்தவன். என் வாழ்க்கையை நினைத்தால் அழுகை வருகிறது.

இந்தக் கோடையின் முடிவில் மிசாதோ ஒருநாள் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, இமோனிக்குன்னே ஒரு பீர் போடுறேன். அதுல ஒரு கிளாஸ் ஒங்களுக்கு வெப்பேன். அதுதான் கடைசி. அதுக்கப்பறம் வெக்க மாட்டேன், கேக்கவும் மாட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அவள் போன பிறகு எனக்கு ஒரே பயமாக இருந்தது. கேட்பதை நிறுத்திவிட்ட பிள்ளைகள் பிறகு வருவதையும் நிறுத்திவிடுகிறார்கள், எங்கள் தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான் ஆயின. ஆனாலும் என்ன செய்வது? குடித்தால் நாற்பது வருடம் பொய்யாகிறது, குடிக்காவிட்டால் மகள் போகிறாள்.

இந்த நிலையில்தான் நம் சங்கத்தின் இலையுதிர்கால இமோனி விருந்து வந்தது. வழக்கம்போல நானே ஏற்பாட்டாளன். வழக்கம்போல மமிகசாகி ஆற்றங்கரை. வந்தவர்கள் குறைவு. வராதவர்களில் பாதிப்பேர் இனி எப்போதும் வர முடியாதவர்கள். கடையில் விறகுக்கட்டும் வாடகைப் பானையும் வாங்கி, கல் கூட்டி அடுப்பு மூட்டி, சேப்பங்கிழங்கும் மாட்டுக்கறியும் கொதிக்கத் தொடங்கியது. அதுவரை எல்லாம் சரி. கிளையை விழுங்கிய செந்தாய் அலுவலகம் இந்த வருடம் நமக்கு இரண்டு பெட்டி பீரை அன்பளிப்பாக அனுப்பியிருந்தது. இந்தப் பருவத்துக்கென்றே வந்த சிறப்பு டின். மரியாதைக்காக வீட்டில் பிரிக்காமல் கொண்டுபோய், எல்லாரும் வருவதற்குச் சற்று முன்னால் ஆற்றங்கரையில் பிரித்தேன்.

ஐயா, தாங்கள் உட்கார்ந்துகொண்டு படியுங்கள். டின்னின் மேலே 'யமகாதாவின் இலையுதிர் காலம்' என்று பொன்னெழுத்தில் போட்டிருந்தது. கீழே இமோனிப் பானையின் படம். பானையில் கலங்கலான மிசோச் சாறு. அதில் வெள்ளைக் கொழுப்போடு பன்றிக்கறி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு டின்னை எடுத்தேன். அதிலும் பன்றி. இரண்டு பெட்டியிலும் பன்றி. ஆற்றங்கரை முழுக்க யமகாதாக்காரர்கள் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்க, நடுவில் நான், என் கம்பெனி, யமகாதா என்று எழுதிய டின்னில் செந்தாய்ப் பானை. யாராவது பார்த்தால் என்ன ஆவது? முக்கியமாக தொகாஷி பார்த்தால்? நம் பழைய கிடங்குப் பொறுப்பாளர் தொகாஷியைத் தங்களுக்கு நினைவிருக்கும். ஷோனாய்க் கடலோரத்துக்காரர், அங்கேயும் பன்றிக்கறி மிசோக் கட்சிதான். வருடாவருடம் நம் மாட்டுக்கறியை மூன்று கிண்ணம் தின்றுவிட்டு, "இனிப்பா இருக்கு, கொழந்தைங்களுக்குப் புடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் வருவதற்குள் டின்களை மறைக்க வேண்டும் என்ற ஒரே நினைப்பில், எல்லாவற்றையும் ஒரு வலைப்பையில் போட்டு, குளிர வைப்பதுபோல ஆற்றில் இறக்கி, வில்லோ மரத்தின் வேரில் கட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போலக் கிழங்கைக் கிளறப் போனேன்.

முந்தின நாள் மழையில் ஆறு வேகமாக ஓடியது. என் முடிச்சு அதைவிட வேகமாக அவிழ்ந்தது. "யோவ் நீஸெகி! ஒன் வலை போவுதுய்யா!" என்று, அதற்குள் வந்துவிட்ட தொகாஷி கரையிலிருந்து கத்தினார். பட்ட காலிலே படும் என்பது உண்மை. நான் திரும்பி ஓடினேன். ஓடும்போது என் கால் அடுப்பின் முக்கியமான கல்லில் பட்டது. பானை முதலில் யோசித்தது, பிறகு கவிழ்ந்தது. சேப்பங்கிழங்குகள் கூழாங்கற்களோடு கலந்து எது கல், எது கிழங்கு என்று தெரியாமல் உருண்டன. நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். வலைப்பை வளைவைத் தாண்டிப் போய்விட்டது. தொகாஷி நெற்றியில் கை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு டின் மட்டும் வலையிலிருந்து நழுவிக் கரையோரம் வந்திருந்தது. அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சியை அவர் மகன் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை. "மமிகசாகி போயி மொகாமி ஆத்துல விழும். மொகாமி நேரா எங்க ஊருக்குத்தான் வரும். கவலப்படாத நீஸெகி, ஒங்க கம்பெனி டின்னு எங்க போயிச் சேரணுமோ அங்கதான் போவுது" என்றார்.

இதுதான் கம்பெனி அன்பளிப்புப் பெட்டிகள் காணாமல் போன விவரம். முழுப் பொறுப்பும் என்னுடையது.

இனி அடுத்த குற்றம். கொஞ்சம் கீழே இன்னொரு அடுப்பில் மிசாதோவும் கோஹெயும் தங்கள் வேலையாட்களோடு பானை வைத்திருந்தார்கள். நான் வேண்டுமென்றே அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தேன். கோஹெய் ஓடிவந்து தன் மேல்சட்டையைக் கழற்றி என்மேல் போட்டான். "மாமா, எங்க பானை பெருசு. எல்லாரும் வந்துருங்க."

"வேணாம்பா. நாங்க பட்டினி கெடப்போம். பழக்கந்தான்."

"நீ கெட. நான் போறேன்" என்று தொகாஷி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். செந்தாய்ப் பையன் சமைத்த பானை, பன்றிக்கறிதான் இருக்கும் என்ற நம்பிக்கையில் அத்தனை வேகமாக நடந்தார். போய் மூடியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "என்னய்யா இது! இங்கயும் மாட்டுக்கறியா!"

நானும் போய்ப் பார்த்தேன். சோயா சாஸின் நிறம். மாட்டுக்கறி. நீள வெங்காயத் தாள் சாய்வாக நறுக்கியது. கொன்யாக்கு என்ற கிழங்குமாவுக் கட்டியைக் கத்தி வைக்காமல் கையால் பிய்த்துப் போட்டிருந்தது, அப்போதுதான் சாறு உள்ளே இறங்கும். நம் ஊரிலேயே இளசுகள் இப்போது கத்தி வைக்கிறார்கள். "யாரு பண்ணது?" என்றேன்.

"நான்தான் மாமா. அத்தைகிட்ட கேட்டுக்கேட்டுப் பண்ணேன். மொத ரெண்டு தடவ சரியா வரல. ஒங்களுக்குத் தெரியாம வீட்ல பண்ணித் தின்னு தீத்தோம்."

"ஒங்க ஊர்ல தெரிஞ்சா ஒன்னைய ஒதுக்கி வெச்சிருவாங்கடா."

"எங்கப்பாவுக்குத் தெரியாது மாமா. சொல்லிராதீங்க" என்றான். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே பயந்துகொண்டுதான் சொன்னான்.

உட்கார்ந்தேன். ஒரு கிண்ணம் சாப்பிட்டேன். உள்ளதை உள்ளபடி எழுதுவதாகச் சொன்னதால் எழுதுகிறேன், நன்றாக இருந்தது. அப்போது மிசாதோ வந்தாள். கையில் அந்தச் சின்னக் குவளை. சோயா சாஸ் நிறத்தில் ஒரு பீர், நுரை கொஞ்சம்தான். எனக்குப் பக்கத்தில் ஒரு தட்டைக் கல்மேல் வைத்தாள். கடைசி என்று அவள் மறுபடி சொல்லவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் திரும்பி, அடுப்பைப் பார்த்துக் குந்திக்கொண்டு விறகைத் தள்ளினாள். வழக்கமாகத் திரும்பிக்கொள்கிறவன் நான். அன்று அவள் முந்திக்கொண்டாள். அந்த முதுகை எங்கேயோ பார்த்ததுபோல இருந்தது. பிறகு தெரிந்தது, லேபிளில் பார்த்தேன்.

இந்தக் கட்டத்தில்தான் சேப்பங்கிழங்கு ஒன்று என் தொண்டையில் சிக்கிக்கொண்டது. தங்களுக்கே தெரியும், நன்றாக வெந்த கிழங்கு வழுக்கிக்கொண்டு போய் ஓரிடத்தில் நின்றுவிடும். மூச்சு முட்டியது. கைக்கு எட்டிய தூரத்தில் இருந்த ஒரே திரவம் அந்தக் குவளையில் இருந்தது. ஆபத்துக்குப் பாவமில்லை என்று எடுத்துக் குடித்தேன், முழுதும். சுவை மோசம். கசப்பு. நம் பீரின் தெளிவு இல்லை. கண்ணில் தண்ணீர் வந்ததற்குக் காரணம் விறகுப் புகை.

மிசாதோ திரும்பிப் பார்த்தாள். காலிக் குவளையைப் பார்த்தாள். பிறகு குனிந்து கல்லுக்குக் கீழே மணலைத் தொட்டுப் பார்த்தாள், ஈரமாக இருக்கிறதா என்று. "கீழ ஊத்திட்டீங்களாப்பா?" என்றாள். நான் வாயிலிருந்த நுரையைத் துடைத்துக்கொண்டேன். தொகாஷிதான், "குடிச்சிட்டாம்மா, குடிச்சிட்டான்! நான் படமே எடுத்துட்டேன்!" என்று கைபேசியைத் தூக்கிக் காட்டினார். பின்னாலிருந்து எடுத்த படம். தாங்கள் பார்த்ததும் அதுதான். லேபிளில் உள்ள அதே முதுகு, தலை மட்டும் அண்ணாந்திருக்கிறது. மிசாதோ கற்கள்மேலேயே உட்கார்ந்து மேலங்கியால் முகத்தை மூடிக்கொண்டாள். புகை அவளையும் விடவில்லை போலும்.

மறுநாள் டின்கள் ஆற்றோடு போனதற்கு மன்னிப்புக் கேட்க செந்தாய் அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். குரலில் இன்னும் மீசை முளைக்காத ஒரு பையன் பேசினான். படத்தில் பானை மாறியிருப்பதைப் பணிவோடு எடுத்துச் சொன்னேன். "தோஹோகு வட்டாரம் முழுசுக்கும் ஒரே படந்தாங்க ஐயா, ஊர்ப்பேரை மட்டும் மாத்துவோம். ரெண்டும் கறிதானே ஐயா?" என்றான். ரெண்டும் கறிதானே! நான் நாற்பது வருடம் எல்லா ஊருக்கும் ஒரே சுவை என்று விற்றவன், ஆகையால் அவனிடம் கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

துன்பம் இதோடு நிற்கவில்லை. அந்த மதுக்கடைக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். "என்ன காரியம் பண்ணிட்டீங்க! குளிர்காலம் மொத்தத்துக்கும் லேபிள் அச்சடிச்சாச்சு. அப்பா குடிச்சிட்டாருன்னு தெரிஞ்சா எவன் வாங்குவான்? கடன் வாங்கித்தானே அந்தப் பொண்ணு தொழில் நடத்துது?" என்று என் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். ஆக, ஒரே குவளையில் உப்பிட்ட கம்பெனிக்குத் துரோகமும் பெற்ற பெண்ணின் தொழிலுக்குச் சேதமும் செய்துவிட்டேன். இரண்டு பக்கமும் கெட்டவன் ஆவதற்கும் ஒரு திறமை வேண்டும்.

ஆகவே பின்வருமாறு முடிவு செய்திருக்கிறேன். சங்க ஏற்பாட்டாளர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். ஓய்வுபெறும்போது கொடுத்த கம்பெனிச் சின்னத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் விரும்பிக் குடித்ததாக மிசாதோ தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். சேப்பங்கிழங்கு விஷயத்தை இன்றே நேரில் போய் அவளிடம் சொல்லிவிடப் போகிறேன். கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் பொய் சொல்லத் தெரியாதவன் என்று தாங்கள் கொடுத்த சொல்லைக் காப்பாற்ற வேண்டும். இனி என் வாழ்நாளில் அந்தப் பீரைத் தொட மாட்டேன்.

குளிர் நெருங்குகிறது. தங்கள் வயிற்றுக்குக் கம்பளிப்பட்டை கட்டிக்கொள்ளுங்கள், இரவில் தனியாகக் குளியல்தொட்டியில் நெடுநேரம் உட்கார வேண்டாம். அம்மையாரின் படத்துக்கு என் சார்பில் ஒரு பூ வைக்கவும். ஃபுசாயேயின் வணக்கத்தையும் ஏற்றுக்கொண்டு, இந்த உதவாக்கரையைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

என்றும் தங்கள் நிழலில் ஒதுங்கிய,
நீஸெகி தமோத்சு

பி.கு.: மேலே உள்ளதைத் தபாலில் போடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சேப்பங்கிழங்கு விஷயத்தைச் சொல்ல மழலையர் பள்ளிக்குப் போனேன். சொல்லவில்லை. தயவுசெய்து இந்தக் கடிதத்தைச் சங்கத்தில் வாசிக்க வேண்டாம், படித்ததும் எரித்துவிடுங்கள். யார் கேட்டாலும் நீஸெகி குடிக்கவில்லை, அண்ணாந்து பறவை பார்த்தான் என்று சொல்லுங்கள். தொகாஷியும் அப்படியே சொல்லச் சம்மதித்துவிட்டார். அதற்கு ஈடாக அடுத்த வருடம் நம் ஆற்றங்கரையில் அவருக்கென்று ஒரு சின்னப் பானையில் பன்றிக்கறியும் மிசோவும் வைப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். முன்னோர்கள் மன்னிக்கட்டும். ஏற்பாட்டாளர் இல்லாமல் இதை நடத்த முடியாது என்பதால் விலகலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கம்பெனிச் சின்னம் மட்டும் இந்த உறைக்குள்ளேயே இருக்கட்டும்.

சேப்பங்கிழங்கு எதுவும் தொண்டையில் சிக்கவில்லை, ஐயா. காற்றும் அன்று ஆற்றுப்பக்கமாகத்தான் அடித்தது, புகை என் பக்கம் வரவே இல்லை. அந்தப் பீர் முதலில் கசந்தது, பிறகு அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டித் தின்னும்போது வருமே, அந்த மணம் வந்தது. மாட்டுக்கறிக்கும் சோயா சாஸுக்கும் அதைவிடப் பொருத்தமாக ஒன்றை நான் குடித்ததில்லை. இத்துடன் வரும் பெட்டியின் மேல் பேரிக்காய் என்று எழுதியிருக்கிறேன். பேரிக்காய் இல்லை. மருத்துவர் விடாவிட்டால் திறந்து முகர்ந்தாவது பாருங்கள், ரொம்பக் குளிர வைக்க வேண்டாம்.

லேபிளையும் மாற்றவில்லை. மாற்றிவிடலாம் என்று மிசாதோ சொன்னாள், நான்தான் கூடாது என்றேன். இப்போதும் கடையில் ஆள் இருக்கும்போது என் முன்னால் குவளையை வைக்கிறாள். நான் அந்தச் சின்ன நாற்காலியில் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன். வந்தவர்கள் சிரித்துக்கொண்டு படம் எடுக்கிறார்கள். அவள் போய்க் குட்டைத் தொட்டிக்கு முன்னால் குந்துகிறாள், குழாய்ச் சத்தம் கேட்கிறது. தொட்டிக்குள் ஒரு ஜாடி வைத்திருக்கிறாள். ஆட்கள் போனதும் அதை எடுத்துவந்து எனக்கு ஊற்றுகிறாள், முகத்துக்கு நேராக. அதனால் இப்போதெல்லாம் நான் திரும்பி உட்காரும்போது சிரிப்பை அடக்க முடிவதில்லை. முதுகை மட்டும் படம் எடுப்பதால் யாருக்கும் தெரிவதில்லை.